மருந்தும் மளிகையும் ஒன்றல்ல

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் குழுமிய கூட்டத்தில், மருந்தாளுநர்கள் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கிராமத்தின் சுகாதாரம் என்றவுடன் குடிநீரும், சாக்கடையும், ஆரம்ப சுகாதார நிலையமும், டாக்டரும், நர்சும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் டாக்டர் எழுதிய சீட்டுக்கும் நோயாளியின் வாய்க்கும் இடையில் நிற்கும் ஒருவர் பெரும்பாலும் நினைவுக்கு வருவதில்லை. முற்காலத்தில் கம்பவுண்டர் என்றும், இன்று மருந்தாளுநர் என்றும் வழங்கப்பெறுபவர் அவரே. மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்த வள்ளுவர் பெருமான், நோயாளி, மருத்துவர், மருந்து என்பவற்றோடு நிறுத்தவில்லை. அருகிருந்து மருந்தைப் பிழையின்றிச் செய்து கொடுப்பவரையும் நான்காவது கூறாகச் சேர்த்தார். அந்த நான்காவது கூறு ஒவ்வொரு கிராமத்துக்கும் முறையாகக் கிட்ட வேண்டும் என்பதே இன்று உங்கள்முன் நாங்கள் வைக்கும் வேண்டுகோள்.

மருந்து விற்பனைக்கு மட்டும் இத்தனை கட்டுப்பாடு ஏன் என்று சிலர் கேட்கலாம். கட்டுப்பாடு இல்லாத காலத்தையும் நம் நாடு கண்டிருக்கிறது. அக்காலத்தில் கலப்பட மருந்துகளும் போலி மருந்துகளும் சந்தையில் மலிந்திருந்தன. அதை ஆராய 1930-ஆம் ஆண்டில் கர்னல் சோப்ரா தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதன் பயனாக 1940-இல் மருந்துச் சட்டமும், 1945-இல் அதன் விதிகளும், 1948-இல் பார்மசி சட்டமும் பிறந்தன. டாக்டர் தம் நோயாளிக்குத் தாமே மருந்து கொடுப்பது நீங்கலாக, மருத்துவச் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் உரிமை பதிவு பெற்ற மருந்தாளுநருக்கே உண்டு. மற்றவர் கொடுப்பது தண்டனைக்குரிய குற்றம். ஆகவே, சட்டம் கேட்பது சுவரில் தொங்கும் சான்றிதழை அன்று. கடையில் இருக்கும் ஆளை.

அந்த ஆள் செய்யும் வேலைதான் என்ன? அட்டையிலிருந்து மாத்திரையைக் கத்தரித்துக் கொடுப்பது மட்டும் அன்று. நோயாளியின் வயதுக்கு அளவு பொருந்துமா, கர்ப்பிணிக்கு ஆகுமா, ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்தோடு இது மோதுமா, காலாவதி ஆகிவிட்டதா என்று பார்ப்பது அவர் கடமை. காய்ச்சலுக்கு ஒரு மாத்திரையும் சளிக்கு வேறொரு மாத்திரையும் வாங்குகிறோம். பெயர் இரண்டு, ஆனால் இரண்டிலும் பாராசிட்டமால் இருக்கலாம். அளவு மீறினால் ஈரல் கெடும். மூட்டுவலிக்கென்று பெயரில்லாக் காகிதப் பொட்டலத்தில் கொடுக்கப்படும் மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. முதலில் வலி மறையும். நாளடைவில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு தேயும். நெடுநாள் உட்கொண்ட பின் அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே. ஆகவே, பெயரில்லா மாத்திரையை எவர் கொடுத்தாலும் வாங்கலாகாது.

அடுத்து, கிருமிக் கொல்லி மருந்துகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை விவசாயிகளுக்கு விளக்குவது எளிது. பூச்சிமருந்தை அளவு குறைத்துத் திரும்பத் திரும்பத் தெளித்தால் என்ன ஆகும்? வலுவற்ற பூச்சி மடியும். வலுத்த பூச்சி பிழைத்துப் பெருகும். அடுத்த போகத்தில் அதே மருந்து பலிக்காது. நம் உடலிலும் இதுவே நிகழ்கிறது. டாக்டர் 5 நாளுக்கு எழுதிய மருந்தை 2 நாளில் நிறுத்துவதும், வைரஸால் வரும் சாதாரண சளிக்கு ஆன்டிபயாட்டிக் கேட்பதும் கிருமிகளுக்கு நாமே பயிற்சி அளிப்பதாகும். 1928-இல் பெனிசிலினைக் கண்டுபிடித்த பிளெமிங், 1945-ஆம் ஆண்டிலேயே இந்த அபாயத்தை எச்சரித்தார். மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்களே நேர்க் காரணமாக, 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் மாண்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர்.

மாத்திரை அட்டையில் செங்குத்தான சிவப்புக் கோடு இருந்தால், அது டாக்டர் சீட்டின்றி வாங்கக் கூடாத மருந்து என்பதை எழுதப் படிக்கத் தெரியாதவரும் அறியலாம். 2014-ஆம் ஆண்டு மார்ச்சு முதல், வீரியமிக்க சில ஆன்டிபயாட்டிக்குகளையும் காசநோய் மருந்துகளையும் விற்கும்பொழுது டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி, 3 ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்பது விதி. அண்டை மாநிலமாகிய கேரளத்தில், சீட்டின்றி ஆன்டிபயாட்டிக் விற்கும் கடைகளைக் கண்டறிய 2024-ஆம் ஆண்டில் திடீர்ச் சோதனைகள் தொடங்கப்பட்டன. சீட்டு எங்கே என்று மருந்தாளுநர் கேட்டால், அதைத் தடங்கல் என்று கருத வேண்டாம்; அது நம் பிள்ளைகளுக்கு மருந்தை மிச்சம் பிடித்து வைக்கும் காரியம்.

இந்தக் கட்டுப்பாடு மாட்டுக் கொட்டகைக்கும் பொருந்தும். மடிநோய்க்கு ஆன்டிபயாட்டிக் ஊசி போட்ட மாட்டின் பாலில் அம்மருந்து சில நாள் தங்கும். அப்பாலில் தயிரும் சரியாகத் தோயாது. எத்தனை நாள் பாலை விற்கலாகாது என்பது மருந்தின் லேபிளில் இருக்கும். அவ்வாறு குறிக்கப்படாவிடில், பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாளும், இறைச்சிக்கு 28 நாளும் விட வேண்டும் என்பது விதி. மனிதருக்குரிய மருந்தை மாட்டுக்குப் போடுவதும் தவறு. டைக்ளோபினாக் ஊசி போடப்பட்டு இறந்த மாடுகளைத் தின்ற பாறுக் கழுகுகள் கூட்டங்கூட்டமாக அழிந்தமையால், கால்நடைகளுக்கு அம்மருந்து 2006-ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது.

இனி, பில் என்னும் சிறு காகிதத்தின் பெருமையைக் கூறுவோம். 2025-ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்திலும் அண்டைப் பகுதிகளிலும், இருமல் சிரப் அருந்திய குழந்தைகள் இருபதுக்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் பழுதாகி இறந்தனர். அந்தச் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரிக்கப்பட்டது. அதில் டை எதிலீன் கிளைகால் என்னும் நச்சுத் திரவம் இருப்பது சோதனையில் தெரிந்தது. இத்தகைய நஞ்சைக் கண்ணால் பார்த்து எந்த மருந்தாளுநரும் கண்டுபிடிக்க இயலாது. ஆனால் பில்லில் மருந்தின் பெயரும் பேட்ச் எண்ணும் இருந்தால், எந்தப் புட்டி எந்த வீட்டுக்குப் போயிற்று என்று தேடித் திரும்பப் பெறலாம். பில் இல்லையேல் அந்த வழியும் அடைபடும். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகள் கொடுக்கலாகாது என்றும், 5 வயதுக்குக் கீழ் பொதுவாக அவை வேண்டியதில்லை என்றும் மத்திய சுகாதாரத் துறை அவ்வாண்டு அறிவுறுத்தியதைத் தாய்மார்கள் நினைவில் இருத்த வேண்டும்.

எல்லாச் சிற்றூரிலும் மருந்துக் கடை எப்படி வைப்பது என்று நீங்கள் கேட்பது நியாயமே. சட்டம் இதையும் எண்ணிப் பார்த்திருக்கிறது. 1000 பேருக்கு மேற்படாத கிராமத்தில் பாராசிட்டமால், ஆஸ்பிரின், வலித்தைலம், பஞ்சு, கட்டுத்துணி, யூகலிப்டஸ் தைலம் போன்ற வீட்டு மருந்துகளை உரிமமின்றி விற்கலாம். அவை உரிமம் பெற்ற மொத்த வியாபாரியிடம் வாங்கியவையாகவும், உறை பிரிக்காதவையாகவும் இருத்தல் வேண்டும். ஆன்டிபயாட்டிக்குக்கு இந்தச் சலுகை கிடையாது. மற்றவற்றுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. 1994-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பரிசோதித்து அனுப்பும் மருந்துகள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. கைப்பணம் செலவிட்டு வாங்குவோருக்காக, குறைந்த விலையில் விற்கும் 1000 முதல்வர் மருந்தகங்கள் 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-இல் தொடங்கப்பட்டன.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை யாவை? முதலாவதாக, ஊரிலுள்ள மருந்துக் கடையில் உரிமம் கண்ணில் படும்படி வைக்கப்பட்டிருக்கிறதா, பதிவு பெற்ற மருந்தாளுநர் நேரில் இருக்கிறாரா என்று உறுப்பினர்கள் கேட்டறிய வேண்டும். இல்லையெனில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுத வேண்டும். இரண்டாவதாக, சீட்டும் பில்லும் இன்றி மருந்து வாங்குவதில்லை என்று கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றலாம். மூன்றாவதாக, சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர் பணியிடம் காலியாக இருந்தால், ஆசிரியர் இல்லாத பள்ளிக்கு வாதாடுவது போலவே அதற்கும் வாதாட வேண்டும். நான்காவதாக, மருந்தால் தீங்கு நேர்ந்தால் முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டு, 1800 180 3024 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியில் தெரிவிக்கலாம் என்பதை ஊர் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம்.

மருந்தாளுநர்களாகிய நாங்கள் சலுகை எதுவும் கேட்கவில்லை. கேள்வி கேட்கும் உரிமையை எங்களுக்கு விட்டுக்கொடுங்கள். நீங்களும் எங்களைக் கேள்வி கேளுங்கள். இந்த மாத்திரை எதற்கு, எப்பொழுது, எத்தனை நாள் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை பெறாமல் கடைப் படியை விட்டு இறங்காதீர்கள். விதை வாங்கும்பொழுது முளைப்புத் திறனைக் கேட்டு வாங்குகிற நாம், உயிர் காக்கும் மருந்தைக் கேளாமல் வாங்குவது முறையாகாது.