கோஷா ஆஸ்பத்திரி சொல்லித் தரும் பாடம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

நான் திண்டிவனம் பக்கத்துக் கிராமத்துக்காரி. பத்தாவது வரைக்கும் படிச்சேன். இப்போ மயிலாப்பூரில் குடியிருக்கோம். மைக்கில் பேசிப் பழக்கமில்லை. தப்பிருந்தா பொறுத்துக்கோங்க.

எங்க குழுவில் ஒரு லாத்தா இருக்காங்க. கீழக்கரைப் பக்கம். "என் கதையைச் சொல்லு, நாலு பேருக்கு உதவும்" என்று அவங்களே சொன்னதால்தான் பேசறேன்.

அவங்க மார்பில் ஒரு கட்டி. ஏழு மாசமா யாரிடமும் சொல்லவில்லை. சேமிப்புப் பணம் கட்டுற அன்னைக்கு என்கிட்ட மட்டும் சொன்னாங்க. உடனே ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். சீட்டு எழுதற இடத்தில் இருந்த ஆள், "என்ன வியாதி, சத்தமா சொல்லும்மா" என்று அத்தனை ஆம்பிளைங்க நடுவில் கேட்டார். உள்ளே திரைகூட இல்லை. புர்காவை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு லாத்தா திரும்பி வந்துட்டாங்க. இன்னும் ஒரு மாசம் போச்சு.

அவங்க மகள் லண்டனில் இருக்கு. போனில் விஷயம் தெரிஞ்சதும் அழுதுச்சு. "உம்மா, இங்கே எனக்குப் பிரசவம் ஆனப்போ, பொம்பளை டாக்டர் வேணும்னு கேட்டேன், பார்த்தாங்க. ஆண் டாக்டர் பார்த்தா, துணைக்கு ஒருத்தர் நிற்கணும்னு கேட்கலாம். இங்கிலீஷ் தெரியாதவங்களுக்கு மொழிபெயர்க்கவும் ஆள் தர்றாங்க. நீங்களும் வாய்விட்டுக் கேளுங்க" என்றது.

வெளிநாட்டில்தான் இதெல்லாம் நடக்கும்னு நினைச்சேன். ஆனா நம்ம ஊரில் அப்பவே நடந்திருக்கு. திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி நமக்கெல்லாம் தெரியும். இப்போ கஸ்தூரிபா காந்தி தாய் சேய் மருத்துவமனை. கோஷான்னா திரைக்குள் இருக்கும் பெண்கள். ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சப்பட்டு, வைத்தியமே இல்லாம பிரசவத்தில் பெண்கள் சாவதைப் பார்த்து மனசு நொந்தாங்க மேரி ஷார்லீப் என்ற வெள்ளைக்கார அம்மா. வக்கீலின் மனைவி. 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படிச்சாங்க. பிறகு லண்டன் போய் டாக்டராகித் திரும்பி வந்து, 1885-ல் இந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கினாங்க. "கூச்சத்தை விட்டுட்டு வா" என்று அவங்க சொல்லவில்லை. கூச்சத்துக்கு ஏத்த மாதிரி ஆஸ்பத்திரியை அமைச்சாங்க.

இன்னைக்கும் அது சலுகை இல்லை. தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளிகள் உரிமைச் சாசனத்திலேயே, ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடன் இருக்கலாம் என்று இருக்கு.

வேற ஆஸ்பத்திரிக்குப் போய் நர்ஸம்மாவிடம் தனியாகக் கேட்டேன். திரை போட்டாங்க, டாக்டரம்மா பார்த்தாங்க. "முன்னாடியே வந்திருக்கலாமே" என்றார். அது சாதாரணக் கட்டி இல்லை. சிகிச்சை நடக்குது. லாத்தா தைரியமா இருக்காங்க. நோன்பு மாசம் வருவதற்கு முன்னாலேயே, மாத்திரையை எப்படிச் சாப்பிடறது, நோன்பு வைக்கலாமா என்றும் டாக்டரிடம் கேட்டு வெச்சுட்டாங்க. நாமா எதையும் நிறுத்தக் கூடாது.

நாம செய்ய வேண்டியது இதுதான். மார்பில் கட்டி, வெள்ளைப்படுதல், எதுவானாலும் மறைக்காதீங்க. தனியாப் போகக் கூச்சமா இருந்தா குழுவில் ஒருத்தரைக் கூப்பிடுங்க. அவங்க வாயால் கேட்க முடியாததை நாம கேட்கணும். கடனுக்கு ஜாமீன் நிற்கிற நாம, இதுக்குத் துணை நிற்க மாட்டோமா?