கிழக்கு நோக்கி ஒரு கார்ப் பயணம்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



நம் சங்கத்து இளைஞர் சிலர் கொல்கத்தாவினின்று புறப்பட்டுத் தரைவழியாகவே சிங்கப்பூர் வரை சொந்தக் காரில் சென்றுவர எண்ணியிருக்கின்றனர். அதற்குத் திட்டம் வகுப்பது எங்ஙனம் என்பது குறித்து இன்று பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். யான் பெரும் பயணியல்லன். துறைமுகத்தை அடுத்த சுங்க முகவர் அலுவலகம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் பத்திரம் எழுதிக் கை தேய்ந்தவன். ஆயினும், இவ்வகைப் பயணத்தில் பெட்ரோலை விடப் பத்திரமே மிகுதியாகச் செலவாகும் என்பதால், என்னை அழைத்தது ஒருவகையில் பொருத்தமே.

தரைவழிப் பயணம் இந்நகருக்குப் புதிதன்று. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், ‘இந்தியாமேன்’ என்னும் பெயர் தாங்கிய பேருந்து ஒன்று இருபது பயணிகளோடு இலண்டனை விட்டுப் புறப்பட்டது. பிரான்சு, இத்தாலி, யுகோசுலாவியா, பல்கேரியா, துருக்கி, ஈரான், பாகிஸ்தான் ஆகிய நாடுகளைக் கடந்து ஜூன் 5ஆம் நாள் அது கல்கத்தாவை வந்தடைந்தது. காரோ-பிஷர் என்பவர் அதன் உரிமையாளர்; ஓட்டுநரும் அவரே. ஒருவழிக் கட்டணம் 85 பவுன். வந்த பேருந்து ஆகஸ்டு 2ஆம் நாள் இலண்டனுக்கு மீண்டும் போய்ச் சேர்ந்தது. பின்னர் வேறு சிலரும் அவ்வழியே பேருந்து விட்டனர். 1979ஆம் ஆண்டில் ஈரானில் புரட்சி நிகழ்ந்தது. அவ்வாண்டு இறுதியிலேயே சோவியத்துப் படை ஆப்கானிஸ்தானத்துள் புகுந்தது. அத்தோடு அவ்வழி ஓய்ந்தது. சாலை இருந்த இடத்திலேயே இருந்தது; அதில் செல்வோரைத்தான் காணோம்.

கிழக்குத் திசையின் கதை இன்னும் சுவையானது. 1955 செப்டம்பரில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர் அறுவர் இரண்டு லாண்ட்ரோவர் வண்டிகளில் இலண்டனிலிருந்து கிளம்பினர். இந்தியாவைக் கடந்து, அசாமில் லேடோ என்னுமிடத்தில் தொடங்கும் போர்க்காலச் சாலையைப் பற்றிக்கொண்டு பர்மாவினுள் நுழைந்து, 1956 மார்ச்சு மாதம் சிங்கப்பூரை எட்டினர். அவ்விரு வண்டிகளுள் ஒன்று அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர், 2019ஆம் ஆண்டில், சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்குத் திரும்பவும் ஓட்டிச் செல்லப்பட்டது. நம் உத்தரபாராவில் 2014 வரை வார்த்தெடுத்த அம்பாசிடர் வண்டியும் அத்தகைய ஆயுள் உடையதே என்று வாதிடுவோர் இவ்வவையில் பலர் இருப்பர். அவர்களோடு எனக்கு வழக்கில்லை.

2012ஆம் ஆண்டில் ஆசியான் நாடுகளின் கார் அணி ஒன்று இந்தோனேசியாவில் தொடங்கி குவஹாத்திக்கு வந்தது. 2013 பிப்ரவரி 22ஆம் நாள் நம் நகரிலிருந்தே ஓர் அணி புறப்பட்டு, டாக்கா, சில்சார், இம்பால், மாண்டலே வழியாகச் சீனத்தின் குன்மிங் நகரை மார்ச்சுத் தொடக்கத்தில் அடைந்தது. 2017ஆம் ஆண்டில் கோயம்புத்தூரிலிருந்து மகளிர் மூவர் ஒரு காரில் புறப்பட்டு, மியான்மரையும் சீனத்தையும் கடந்து இலண்டன் வரை சென்றனர். ஆகவே, இளைஞர்களின் எண்ணத்தைப் பகற்கனவு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. சென்றவர் சென்றிருக்கின்றனர். அவர்கள் எப்படிச் சென்றனர் என்பதையே நாம் நோக்க வேண்டும்.

முதலில் ‘கார்னே’ என்னும் புத்தகத்தைப் பற்றிச் சொல்லுகிறேன். பலர் கடவுச்சீட்டையும் விசாவையும் எண்ணுவரே தவிர, காருக்கும் ஒரு கடவுச்சீட்டு வேண்டும் என்பதை எண்ணுவதில்லை. ஒரு நாட்டினுள் கார் நுழைந்தால், அது அங்கே விற்கப்பட்டுவிடுமோ என்னும் ஐயம் அந்நாட்டுச் சுங்கத்தாருக்கு எழுவது இயல்பு. விற்கப்பட்டால் அவர்களுக்குச் சேர வேண்டிய இறக்குமதி வரி போயிற்று அல்லவா? அவ்வையத்தைப் போக்கப் பிறந்ததே கார்னே. தனியார் ஊர்திகளைத் தற்காலிகமாகக் கொண்டுசெல்வது பற்றி 1954ஆம் ஆண்டில் நியூயார்க்கில் உருவான பன்னாட்டு உடன்படிக்கை இதற்கு அடிப்படை. மோட்டார் சங்கங்களே இதனை வழங்கும். நாம் அச்சங்கத்திடம் வங்கிப் பிணை கட்ட வேண்டும்; அச்சங்கம் அயல்நாட்டாருக்கு நம் பொருட்டுப் பிணை நிற்கும். நகையை அடகு வைத்துக் கடன் பெறுவது போல, பணத்தை அடகு வைத்து நம்பிக்கை பெறுகிறோம்.

அப்புத்தகத்தின் ஒவ்வோர் ஏடும் ஒரு நாட்டுக்கு உரியது. நுழையும்போது ஒரு முத்திரை, வெளியேறும்போது ஒரு முத்திரை. இரவு வேளையில், தூக்கக் கலக்கத்தில், வெளியேறும் முத்திரையைப் பெறாமல் எல்லையைக் கடந்துவிட்டால் கார் இன்னும் அந்நாட்டிலேயே இருப்பதாகத்தான் ஏடு சொல்லும். சில திங்கள் கழித்து வரி கேட்டு ஓலை வரும், பிணைப்பணம் போகும். கார் விபத்தில் நொறுங்கினாலும் நொறுங்கிய இரும்பையேனும் வெளியே கொண்டுவந்தாக வேண்டும். இன்றேல் வரி கட்டியாக வேண்டும். எஞ்சின் எண், அடிச்சட்ட எண் முதலியன பதிவுப் புத்தகத்தில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து ஒத்திருத்தல் வேண்டும். ஓர் எழுத்துப் பிழைக்காக ஒரு பகல் முழுதும் சரக்கு தேங்கி நின்றதை யான் துறைமுகத்தில் எத்தனையோ முறை கண்டதுண்டு. காருக்கும் அதே விதிதான். கார்னேயின் ஆயுள் ஓராண்டு. கார் தந்தையார் பெயரிலும் ஓட்டுவது மகனாராகவும் இருந்தால் அதிகாரப் பத்திரம் தனியே வேண்டும்.

அடுத்தது காப்புறுதி. நம் நாட்டில் எடுக்கும் காப்புறுதியைக் கூடுதல் கட்டணம் செலுத்தி நேபாளம், பூட்டான், வங்காளதேசம், இலங்கை முதலிய அண்டை நாடுகளுக்கு விரித்துக்கொள்ளலாம். மியான்மர் அவ்வரிசையில் இல்லை; தாய்லாந்தும் இல்லை. அங்கெல்லாம் எல்லையில் புதிதாகப் பெற வேண்டும். பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கிடைக்கும். அதற்கும் ஆயுள் ஓராண்டே. தாய்லாந்து 2016 முதல் அயல்நாட்டுக் கார்களுக்கு முன்கூட்டியே அனுமதி கேட்கிறது. அதனைப் பயண நிறுவனம் ஒன்றின் வாயிலாகவே பெற முடியும். மியான்மரிலோ அனுமதியோடு வழிகாட்டியும் உடன் வருவது முறை. இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், பயணம் நாற்பது நாள் என்றால் பத்திர வேலைக்கு ஆறு திங்களாவது வேண்டும் என்பது என் மதிப்பீடு.

மியான்மர் பற்றி இன்னொரு செய்தி. அந்நாட்டில் 1970ஆம் ஆண்டு முதல் வாகனங்கள் சாலையின் வலப்புறம் செல்கின்றன. நம் காரில் திசைச் சக்கரமும் வலப்புறமே. முன்செல்லும் லாரியை முந்த வேண்டுமானால் எதிர்வருவது ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது. இடப்பக்கம் அமர்ந்தவரே பார்த்துச் சொல்ல வேண்டும். ஆகையால் அவ்விடத்தில் உறங்காதவரை அமர்த்துங்கள். புளிக்காய்ச்சலும் எலுமிச்சை ஊறுகாயும் எவ்வளவு எடுத்துச் செல்வது என்பதில் எங்கள் வீட்டார் ஆழ்ந்த கருத்துடையவர். அதனைக் கூட்டம் முடிந்த பின் அவரிடமே கேட்டுக்கொள்க.

இனி வழிக்கு வருவோம். கொல்கத்தாவிலிருந்து சிலிகுரி, குவஹாத்தி, திமாப்பூர், கோகிமா, இம்பால் வழியாக மணிப்பூரின் எல்லையூராகிய மோரே வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். அயல்நாட்டைக் காணுமுன்பே, நாகாலாந்துக்கும் மணிப்பூருக்கும் உள்நாட்டு நுழைவு அனுமதி பெற வேண்டும் என்பதை மறவாதீர்கள். மோரேயிலிருந்து தாய்லாந்தின் மே சோட் வரை ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர் நீளத்துக்கு முந்நாட்டு நெடுஞ்சாலை அமைக்கும் எண்ணம் 2002 முதல் உள்ளது. தமு முதல் கலேவா வழியாகக் கலேம்யோ வரை 160 கிலோமீட்டர்ச் சாலையை நம் எல்லைச் சாலைத் துறையினர் அமைத்தனர்; அது 2001இல் திறக்கப்பட்டது. அவ்வழியில் போர்க்காலப் பாலங்கள் பல புதுப்பிக்க வேண்டியனவாக இருந்தன. 2018 ஆகஸ்டில் மோரே எல்லை, கடவுச்சீட்டும் விசாவும் உடையோர் கடக்கும் முறையான வாயிலாகத் திறக்கப்பட்டது. அப்போது நம் போன்றோர் மகிழ்ந்தோம்.

அம்மகிழ்ச்சிக்கு ஒரு காரணம் உண்டு. அவ்வழி நம் மக்களின் கால் பட்ட வழி. 1942ஆம் ஆண்டில் ஜப்பானியர் பர்மாவில் புகுந்தபோது பல லட்சம் இந்தியர் அந்நாட்டை விட்டு வெளியேறினர். அவர்களுள் தமிழர் மிகப் பலர். தமு, பாலேல், இம்பால் வழியாகத் திமாப்பூர் இரயில் நிலையத்தை அடைவதற்குள் பசியாலும் காலராவாலும் மடிந்தவர் கணக்கில் அடங்கார். அத்துன்பத்திலும் வெள்ளையருக்கு ஒரு பாதை, இந்தியருக்கு ஒரு பாதை எனப் பிரித்து வைத்திருந்தனர். இரங்கூனில் ‘ஜோதி’ இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா அவர்கள் அவ்வாண்டில் தம் துணைவியாரோடு நடந்தே இந்தியா வந்து சேர்ந்தார். அதனை ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ என்னும் நூலாக எழுதியும் வைத்தார். பயணத் திட்டம் தீட்டுவோர் கையேடுகளுக்கு முன்னர் அந்நூலைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

1962இல் பர்மாவில் படைத்தலைவர் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். கடைகளும் தொழில்களும் அரசுடைமையாயின. கப்பலேறித் தமிழகம் வந்த தமிழருள் சிலர் அங்கே வாழ வழியின்றி, பிறந்த பர்மாவுக்கே தரைவழியில் திரும்ப முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு, மோரேயிலேயே தங்கிவிட்டனர். அங்கே இன்றும் தமிழ்ச் சங்கம் உண்டு. அங்காள பரமேசுவரி கோயில் உண்டு. மெய்தெய், குக்கி மக்களோடு வணிகம் செய்து வாழ்ந்த ஊர் அது.

இப்போது நிலைமையைக் கூற வேண்டியவனாயிருக்கிறேன். 2021 பிப்ரவரி 1ஆம் நாள் மியான்மரில் படையினர் மீண்டும் ஆட்சியைப் பற்றினர். உள்நாட்டுப் போர் மூண்டது. 2022 ஜூலையில் மோரேயிலிருந்து தமுவுக்குச் சென்ற தமிழ் இளைஞர் இருவர் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டனர். எல்லைக்கு அப்பால் அடுத்த ஊருக்குச் சென்றவர்கள், அவ்வளவே. 2023 மே மாதத்தில் மணிப்பூரிலேயே பெருங்கலகம் தொடங்கி மோரேயும் எரிந்தது. தமிழர் வீடுகளும் தப்பவில்லை.

இளைஞர்களே! இந்நிலையில் அவ்வழியே கொடி கட்டிய காரில் களிப்புலாச் செல்லுதல் தகாது என்பதே என் துணிபு. ‘ஆபத்து என்றால் அஞ்சுகிறீர்களா?’ என்று உங்களில் ஒருவர் முன்னமே கேட்டார். அஞ்சத்தான் செய்கிறேன். அதனினும், வீடிழந்தவர் கூரையடியில் நம் கார் நின்று படம் பிடித்துக்கொள்ளுமே என்று கூசுகிறேன். மோரேக்குச் செல்லும் நாள் வரும். அப்போது அவ்வூர்ச் சங்கத்தாருக்கு முன்னரே எழுதி, அவர்கள் வருக என்ற பின்னர்ச் செல்வோம். சிங்கப்பூரே வேண்டும் என்போர் சென்னையிலிருந்து காரைக் கப்பலேற்றி மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தில் இறக்கி ஓட்டலாம். நேபாளம், திபெத்து, சீனம், லாவோசு என்று சுற்றியும் செல்லலாம். ஆனால் சீனத்தில் வழிகாட்டி, தற்காலிக உரிமம், எண்பலகை ஆகியவற்றுக்கு ஆகும் செலவில் இங்கே ஒரு பெண்ணுக்குத் திருமணம் முடித்துவிடலாம்.

ஆகவே வரும் நவம்பருக்கு யான் வகுத்துத் தருவது சிறியதொரு மூன்று நாட்டுச் சுற்று. கொல்கத்தாவிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, பரக்கா அணையைக் கடந்து, மால்டாவில் உண்டு, ஏறத்தாழ 600 கிலோமீட்டர் சென்று சிலிகுரியில் இரவு தங்குக. மறுநாள் ஜெய்காவ் வழியாகப் பூட்டானின் புன்ட்சோலிங். அங்கே நமக்கு விசா வேண்டா. கடவுச்சீட்டோ வாக்காளர் அட்டையோ போதும். 2022 செப்டம்பர் முதல் தலைக்கு ஓரிரவுக்கு 1,200 ரூபாய் வளர்ச்சிக் கட்டணம் உண்டு. நால்வர் நான்கு இரவுகள் தங்கினால் 19,200 ரூபாய். காருக்கும் தனி அனுமதியும் நாட்கட்டணமும் உண்டு. வரிசை நீளும் என்பதால் காலையிலேயே அலுவலகத்தில் நிற்க வேண்டும். மலைச்சாலையில் நாளொன்றுக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட எண்ணாதீர்கள்.

மீண்டும் சிலிகுரி வந்து, பானிடங்கியில் பாலம் கடந்தால் நேபாளத்தின் காகர்பிட்டா. அங்கே நம் காருக்குக் கார்னே தேவையில்லை. ‘பன்சார்’ எனப்படும் சுங்கக் கட்டணத்தை நாட்கணக்கில் செலுத்தினால் போதும். தங்குவதாக எண்ணிய நாள்களினும் இரண்டு நாள்களுக்குக் கூடுதலாகவே கட்டிவிடுக. மலைச்சரிவினால் ஒரு நாள் தாமதித்தாலும் எல்லையில் வாதாட நேராது. நூறு இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய். காத்மாண்டு கண்டு, பீர்கஞ்சு - ரக்சால் வழியாக பீகாரில் இறங்கி வீடு திரும்பலாம். மொத்தம் பதினான்கு நாள் வைத்துக்கொள்க.

ஒவ்வொரு முத்திரையையும் யார் பெறுவது, ஏடுகளை யார் காப்பது என்பதை ஒருவரிடமே ஒப்படையுங்கள். அவர் ஓட்டுநராக இருத்தல் கூடாது. பதிவுப் புத்தகம், மாசுச் சான்று, காப்புறுதிப் பத்திரம் ஆகியவற்றின் படிகள் மும்மூன்று எடுத்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு மாலை என் இல்லத்துக்கு வாருங்கள். எஞ்சின் எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பதிலிருந்து தொடங்குவோம்.