குருதிக் கணக்கு சொல்வதும் சொல்லாததும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் சபையிலே பேசுதற்குச் சிறிது கூச்சந் தருவதாகும். ஆடவரின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, ஒரு பெரிய கொட்டைப்பாக்கின் அளவில் புரொஸ்டேட் என்னும் சுரப்பி ஒன்று உண்டு. அதில் தோன்றும் புற்றுநோயைச் சாதாரண இரத்தப் பரிசோதனைத் துண்டைக் கொண்டு முன்கூட்டி அறிய முடியுமா என்பதே பொருள். தாய்மார்கள் எழுந்து போகவேண்டாம். இந்நோய் புகுந்த வீட்டில் கஞ்சி காய்ச்சுகிறவர்களும் இரவெல்லாம் விழித்திருக்கிறவர்களும் அவர்களேயன்றோ!

இப்பொருளைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் எழுதிக் கொடுப்பது எஃப்.பி.சி. எனும் முழுக் குருதிக் கணிப்பு. டெங்குப் பயம் வந்த நாள் முதலாக அந்தத் துண்டு இல்லாத லயக் காம்பிரா இல்லை எனலாம். அத்துண்டிலுள்ள ஓர் எண்ணை இன்னோர் எண்ணால் வகுத்தால் புற்றுநோய் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடுமாமே என்று நண்பர்கள் சிலர் கைத்தொலைபேசியிற் படித்துவிட்டு எங்களிடம் கேட்டனர். வகுத்தலோ மூன்றாம் வகுப்புக் கணக்கு. ஆனால் அதன் விடையைக் கொண்டு ஒரு பெரியவரை அச்சுறுத்தவும் கூடும். அதைவிடக் கேடாக, நோயுள்ளவரை நோயில்லையென்று தேற்றி வீட்டில் இருத்தவும் கூடும். ஆதலின் அக்கேள்வியைத் தட்டிக் கழிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

நாங்கள் கற்ற மிஷன் பாடசாலையில் ஒரேயொரு நுணுக்குக்காட்டி இருந்தது. முப்பது பேர் வரிசையில் நின்று ஆளுக்கு அரை நிமிடம் இரத்தத் துளியைப் பார்த்தோம். செங்குழியத்தைத் தவிர வேறெதுவும் எங்கள் கண்ணுக்கு அகப்படவில்லை. வெண்குழியங்களை இனம்பிரித்துக் காணச் சாயம் ஏற்றவேண்டும். ஜெர்மனி தேசத்து அறிஞர் பவுல் ஏர்லிக் 1880ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அவ்வித்தையைக் கண்டறிந்தார். அதன்பின்னரே வெண்குழியம் ஒரு சாதியன்று, பல சாதி என்பது தெளிவாயிற்று.

அவற்றுள் இன்றைய பேச்சுக்கு வேண்டியவை இரண்டு. பாடநூலில் நடுநிலைநாடி என்றும், துண்டில் நியூட்ரோபில் என்றும் இருப்பது ஒன்று. காயம் பட்டாலும் கிருமி புகுந்தாலும் முதலில் ஓடிச்சென்று விழுங்குவது இதுவே. வெண்குழியங்களில் நூற்றுக்கு 40 முதல் 75 வரை இதன் பங்கு. மற்றையது நிணநீர்க்குழியம், அதாவது லிம்ஃபோசைட். நூற்றுக்கு 20 முதல் 45 வரை இருக்கும். எதிரியை நினைவில் வைத்து நிதானமாகப் பொருதுவதும், வைரசு புகுந்த கலங்களையும் புற்றுக் கலங்களையும் இனங்கண்டு அழிப்பதும் இதன் தொழில். இவற்றோடு, இரத்தத்தை உறையச் செய்யும் குருதிச் சிறுதட்டுகள், துண்டில் பிளேட்லெட், ஒரு கன மில்லிமீற்றருக்கு 150,000 முதல் 450,000 வரை உண்டு.

நியூட்ரோபில் 60, லிம்ஃபோசைட் 30 என்று துண்டில் இருந்தால் வகுத்து வருவது 2. நியூட்ரோபில் 72, லிம்ஃபோசைட் 18 ஆனால் வருவது 4. இதுவே நம் நண்பர்கள் படித்த விகிதம். பிளேட்லெட் தொகையை லிம்ஃபோசைட் தொகையால் வகுப்பது இன்னொரு விகிதம். பிளேட்லெட் 240,000, லிம்ஃபோசைட் 2,000 என்றால் 120. நோயற்றவர்களிடம் முதலாம் விகிதம் பெரும்பாலும் ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்கும்.

புற்றுநோய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு? 1863ஆம் ஆண்டிலேயே ருடோல்ப் விர்க்கோ என்னும் ஜெர்மானிய வைத்திய மேதை, புற்றுக் கட்டிகளுக்குள் வெண்குழியங்கள் குழுமியிருப்பதைக் கண்டு, நாட்பட்ட அழற்சி உள்ள இடத்திலே புற்று முளைக்கிறது என்று கருதினார். அழற்சி என்பது புண் சிவந்து வீங்கிச் சுடுவதுதான். உள்ளுறுப்பிலும் அது நடக்கும். புற்றுக் கட்டி விடுக்கும் சில இரசாயனப் பொருள்கள் எலும்பு மச்சையைத் தூண்ட, அது நியூட்ரோபில்களை மிகுதியாக வெளியே அனுப்புகிறது. அவற்றுட் சில கட்டிக்கு எதிராக நில்லாமல், அதற்குப் புது இரத்தக் குழாய் முளைக்கவும் உதவிவிடுகின்றன. காவலுக்கு வந்தவன் கள்வனுக்கு ஏணி பிடித்த கதை! பிளேட்லெட்டுகளும் இரத்தத்தில் மிதந்து செல்லும் புற்றுக் கலங்களைப் போர்த்து மறைக்கின்றன. லிம்ஃபோசைட்டோ குறைந்து போகிறது. ஆகவே விகிதம் ஏறுகிறது.

சிலோவாக்கியா நாட்டு வைத்தியர் ரோமன் சாகோரெச் என்பவர், உயிராபத்தான நிலையில் உள்ள நோயாளிகளின் உடல் படும் அழுத்தத்தை அளக்க எளிய கருவியாக இவ்விகிதத்தை 2001இல் முன்வைத்தார். 2014இல் நூறு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். பல்வேறு கட்டிப் புற்றுநோய் கொண்ட 40,559 பேரின் கணக்கு அது. விகிதம் உயர்ந்திருந்தவர்கள் மற்றவர்களைக் காட்டிலும் விரைவில் மரித்தனர் என்பது அதிலே தெளிவாயிற்று. புரொஸ்டேட் புற்று எலும்பிற் பரவி, டோசிடாக்செல் போன்ற மருந்து பெற்றவர்களிடத்தும் இதுவே காணப்பட்டது. நோய் இருப்பது முன்னமே தெரிந்தவர்களிடம், அது எவ்வளவு கடுமையாகப் போகும் என்று ஊகிக்க இவ்விகிதம் உதவுகிறது. இவ்வளவில் ஐயமில்லை.

நண்பர்கள் கேட்டது அதுவன்று. நோய் உண்டா இல்லையா என்பதே அவர்கள் கேள்வி. இங்கேதான் பாதை வழுக்குகிறது.

புரொஸ்டேட் நோயைத் தேட வைத்தியர் கேட்கும் இரத்தப் பரிசோதனை பி.எஸ்.ஏ. எனப்படும். அச்சுரப்பியே செய்யும் ஒரு புரதத்தின் அளவு அது. 1994இல் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் நோயைக் கண்டறிவதற்கு அதனை ஏற்றது. மில்லிலீற்றருக்கு 4 நனோகிராம் என்பது பழைய எல்லைக்கோடு. ஆனால் வயதினால் சுரப்பி பருத்தாலும், அதில் கிருமி தொற்றினாலும் அது உயரும். 4க்கும் 10க்கும் இடையில் உள்ளவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே புற்று இருக்கும். மறுபுறம், 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 4ஐத் தாண்டாதவர்களிலும் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குப் புற்று காணப்பட்டது. முடிவாக அறிய, ஊசியினால் சுரப்பியின் துணுக்குகளை எடுத்துப் பார்க்கும் பயாப்சி வேண்டும். அதில் வலியுண்டு, இரத்தப் போக்கு உண்டு, தொற்று உண்டாகும் அபாயமும் உண்டு. அந்த நால்வரில் மூவரை ஊசியினின்றும் காக்க மலிவான வழி ஏதும் கிடைக்குமா என்று தேடிய ஆய்வாளர்கள், ஏற்கெனவே கையிலுள்ள குருதித் துண்டின் விகிதத்தை எடுத்துப் பார்த்தனர்.

ஜப்பானிலும் துருக்கியிலும் பிற நாடுகளிலும் இவ்வாய்வுகள் நடந்தன. சிலவற்றில் புற்றுள்ளவர்களின் விகிதம் உயர்ந்திருந்தது. சிலவற்றில் வேற்றுமை ஏதும் இல்லை. சுரப்பியில் வெறும் அழற்சி மட்டும் உள்ளவர்களிடமும் விகிதம் ஏறி, இருவரையும் பிரித்தறிய முடியாமற் செய்தது. எல்லைக்கோட்டையும் ஆளுக்கோர் இடத்தில் கிழித்தனர். பி.எஸ்.ஏ.யோடும் வயதோடும் சேர்த்து வைத்தால் சிறிது உதவக்கூடும் என்பதற்கு மேல் எவரும் துணிந்து சொல்வதற்கில்லை.

தோட்டத்து வழக்கிலே சொல்வோம். கந்தோரில் இருக்கும் ஒருவர் செக்ரோலை மட்டும் பார்த்தால், இன்று கவ்வாத்துக்கு ஆள் கூடப் போயிருக்கிறது, கொழுந்துக்கு ஆள் குறைந்திருக்கிறது என்று அறிவார். எங்கோ பெரிய வேலை நடக்கிறது என்பதும் விளங்கும். எந்த நம்பர் மலையில் நடக்கிறது என்பது அவ்வெண்களில் இல்லை. மலைக்கு ஏறிப் போய்த்தான் பார்க்கவேண்டும்.

இதற்கு நம் நாட்டிலேயே பழைய உதாரணம் ஒன்றுண்டு. 1916ஆம் ஆண்டு முதலாக அமெரிக்க ராக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை செய்தனர். கொக்கிப்புழு உள்ளவரின் இரத்தத்தில் இயோசினோபில் என்னும் வெண்குழியம் பெருகும்; உடல் சோகையால் வெளுக்கும். ஆயினும் ஆஸ்துமாவிலும் இயோசினோபில் பெருகுமாதலால், இரத்தத்தை மட்டும் பார்த்து இன்ன புழு என்று கூறிவிட முடியாது. மலத்தை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து முட்டையைக் கண்டால்தான் நிச்சயம். புரொஸ்டேட்டின் விஷயத்தில் அந்த முட்டையின் இடத்தில் இருப்பது பயாப்சி.

நம் மலைநாட்டில் இவ்விகிதத்தை ஏமாற்றும் காரணங்கள் மிகுதி. சுருட்டும் பீடியும் நியூட்ரோபிலை உயர்த்தும். வெற்றிலை மென்று மென்று ஈறு புண்ணானவர்கள் எத்தனை பேர்! குளிரில் நெஞ்சுச் சளி கட்டினாலும், காலில் கவ்வாத்துக் கத்தி பட்டுச் சீழ் வைத்தாலும் விகிதம் ஏறும். மூச்சிரைப்புக்குக் கொடுக்கும் பிரெட்னிசலோன் மாத்திரை நியூட்ரோபிலை ஏற்றி லிம்ஃபோசைட்டை இறக்கும். வைரசுக் காய்ச்சல்கள் பலவற்றில் இதற்கு மாறாக லிம்ஃபோசைட் கூடி விகிதம் இறங்கிவிடும். நாம் அலமாரியில் வைத்திருக்கும் துண்டுகளில் பெரும்பாலானவை காய்ச்சல் நாளில் எடுத்தவையன்றோ? அவற்றை வகுத்து ஒருவருடைய புரொஸ்டேட்டைப் பற்றித் தீர்ப்பளிப்பது, மழை நாளில் நிறுத்த ஈரக் கொழுந்தைக் கொண்டு ஆண்டு விளைச்சலைச் சொல்வது போலாகும்.

இனிப் பெரியோர்களுக்கு ஒன்று கூறுவோம். சிறியவர்கள் கூறுகிறோமே என்று எண்ணற்க. எழுபது வயதில் இரவிலே நாலைந்து முறை எழுந்து போவதை, முதுமைக்கு இயல்பு, பனிக்கு இயல்பு என்று விட்டுவிடுகிறீர்கள். பெரும்பாலும் அது சுரப்பி பருத்ததனால் வரும் தொல்லையே, புற்றன்று, அதற்கும் மருந்துண்டு. ஆரம்பப் புற்றோ தொல்லை எதுவும் தராமலே இருக்கும். முற்றியபின் அது போய்ச் சேருமிடம் முதுகெலும்பும் இடுப்பெலும்பும். நாற்பது வருடம் முள்ளுக் குத்தி, உர மூட்டை சுமந்தவருக்கு முதுகு வலித்தால் எவர் புற்றென்று நினைப்பார்? எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, இன்னும் மூன்று மாதம் போய்விடும். ஓய்ந்தாலும் படுத்தாலும் தீராத, இரவில் மிகும் முதுகு வலியை, சுமந்த பாரத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

வசதி உள்ளவர்க்கும் இந்நோய் ஒளிந்தே வருகிறது. அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி பைடனுக்கு 2025 மே மாதத்தில், தம் 82ஆம் வயதில், எலும்பு வரை பரவிய நிலையிலேயே இது கண்டுபிடிக்கப்பட்டது. சிறுநீர்த் தொல்லையைச் சொல்லிப் பரிசோதித்தபோதுதான் வெளிப்பட்டது. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ பதினான்கரை இலட்சம் ஆடவர் இந்நோயாளராகப் புதிதாகப் பதிவாயினர்.

50 வயது கடந்தவர்கள், தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்திருந்தால் 45 கடந்தவர்கள், டாக்டரிடம் இதைப்பற்றிக் கேட்பது தக்கது. அத்தகையோரின் புதல்வர்களான இளைஞர்களே, இந்த வயதுக் கணக்கு நாளை உங்களுக்கும் உரியது. பி.எஸ்.ஏ. எடுத்தேயாக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வாழ்நாள் முழுதும் தீங்கு செய்யாமல் உறங்கிக் கிடக்கும் புற்றும் உண்டு; அதைத் தேடிப் பிடித்து வருந்துவாரும் உளர். டாக்டரோடு பேசித் தீர்மானிக்கவேண்டிய விஷயம் அது.

பேசுவதுதான் இங்கே பெரும்பாடு. டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியாவுக்கோ தாத்தாவை அழைத்துப் போகிறவர் பெரும்பாலும் மகள் அல்லது மருமகள். டாக்டருக்குத் தமிழ் தெரியாவிடில், தாத்தா சொல்வதை அவள்தான் சிங்களத்தில் எடுத்துச் சொல்லவேண்டும். மருமகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்தப் பெரியவர் தம் சிறுநீர்த் தொல்லையை வாய்விட்டுச் சொல்வார்? காலிலே நோவு என்பார், மாத்திரை வாங்குவார், பஸ் ஏறி வந்துவிடுவார். எஃப்.பி.சி. துண்டு மட்டும் ஒன்று கூடும்.

சங்கத்து இளைஞர்களே, வகுத்தல் கணக்கை விட்டு இந்த வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்களம் பேசத் தெரிந்த ஆண்பிள்ளை ஒருவர் கூடப் போங்கள். எப்போது முதல், இரவில் எத்தனை முறை, சிறுநீர் தடைப்படுகிறதா, இரத்தம் கலந்து வருகிறதா, முதுகு வலி உண்டா என்பவற்றை வீட்டிலேயே தனியாகக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய இரத்தத் துண்டுகளையும் எறிந்துவிடாமல் தேதி வரிசையில் அடுக்கி, எது காய்ச்சல் நாளில் எடுத்தது, அன்று என்ன மருந்து சாப்பிட்டார் என்று பின்புறத்திற் குறித்து எடுத்துச் செல்லுங்கள். அவ்வெண்களுக்கு என்ன மதிப்புண்டோ அதை டாக்டர் எடுத்துக்கொள்வார். கண்டிக்கோ மகரகமைக்கோ அனுப்ப நேர்ந்தால் அங்கும் கூடப் போங்கள். ஊசி மிகவும் வலிக்குமா என்றே தாத்தா முதலிற் கேட்பார். மரத்துப்போக மருந்து கொடுத்த பின்னரே வழக்கமாக எடுப்பார்கள் என்று சொல்லுங்கள்.