இராகு காலத்தில் பறந்த ராக்கெட்

(திருச்சிப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



காவிரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசலைத் திறக்கிறார்கள். அதில் நுழைந்தால் மேலுலகம் நிச்சயம் என்று நம்பி ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு போகிறார்கள். போனவர்களெல்லாம் பொழுது விடிந்து வீட்டுக்குத் திரும்புகிறார்களே யொழிய, மேலே போனவர் ஒருவரையும் நாம் கண்டதில்லை. ஆனால் மனிதன் உண்மையாகவே மேலே போன வாசல் ஒன்று உண்டு. அதற்கு ஏவுதளம் என்று பெயர்.

1961 ஏப்ரல் 12ல் ககாரின் என்ற ரஷ்யர் பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து கிளம்பி, பூமியைச் சுற்றிவிட்டு, 108 நிமிஷத்தில் உயிரோடு திரும்பினார். நம் நாட்டு ராகேஷ் சர்மா 1984ல் அதே பைக்கனூரிலிருந்து போனார். சுபான்ஷு சுக்லா 2025ல் அமெரிக்காவிலிருந்து, சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய அதே தளத்திலிருந்து போனார். நம் மண்ணிலிருந்தே மனிதரை அனுப்பத்தான் சென்னைக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் ஏற்பாடு நடக்கிறது.

அங்கு முதலாவது ஏவுதளத்திலிருந்து 1993 செப்டம்பர் 20ல் கிளம்பிய முதல் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் கடலில் விழுந்தது. கிரக தோஷம் என்று உட்கார்ந்துவிட்டார்களா? பிழை எங்கே என்று தேடித் திருத்தினார்கள். 1994 அக்டோபர் 15ல் அனுப்பியது ஜெயித்தது. 2005 முதல் இரண்டாவது தளமும் வேலை செய்கிறது. சந்திரயான்கள் போனது அதிலிருந்துதான். மனிதர் ஏறப்போவதற்கும் அதையே சித்தம் செய்கிறார்கள்.

ராக்கெட்டில் ஆபத்து நேர்ந்தால் உள்ளிருப்பவரைத் தப்புவிக்கும் ஏற்பாட்டை, ஆள் இல்லாத கூட்டை வைத்து 2023 அக்டோபர் 21ல் முதலாவது தளத்தில் பரீக்ஷை செய்தார்கள். 8 மணிக்கு என்றிருந்தது 8.45க்குத் தள்ளிப்போயிற்று. கிளம்ப 5 வினாடி இருக்கையில் கம்ப்யூட்டர் தானே நிறுத்திவிட்டது. கோளாறு இன்னதென்று கண்டு சரிசெய்து 10 மணிக்கு அனுப்பினார்கள். சுமார் 12 கிலோமீட்டர் உயரத்தில் கூடு பிரிந்து, பாராசூட்டில் இறங்கி, வங்காளக் கடலில் பத்திரமாய் விழுந்தது.

தோழர்களே! அன்று சனிக்கிழமை. சனிக்கிழமையில் 9 முதல் 10.30 வரை என்ன காலம்? உங்கள் வீட்டுக் காலண்டரே சொல்லும். இராகு என்ன செய்தான்?

இதனால் இராகு காலம் நல்ல காலம் என்று நாம் சொல்லவில்லை. காலத்தில் நல்லதும் கெட்டதும் இல்லை என்றுதான் சொல்லுகிறோம். அதே 2023 ஜூலையில் சந்திரயான் கிளம்புமுன் அதன் மாதிரியைத் திருப்பதிக்குத் தூக்கிப்போன விஞ்ஞானிகளும் உண்டு. ஆனால் ராக்கெட்டை மேலே தள்ளியது எரிபொருளா, அர்ச்சனையா என்பது அவர்களுக்கே தெரியும்.

பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணை வண்டியில் ஏற்றாமல், இராகு காலம் கழியட்டும் என்று காத்திருக்கும் வீடு இன்னும் இருக்கிறது. அந்த நேரத்தில் ஓர் உயிர் போனால் யார் பொறுப்பு? வண்டியை நிறுத்த வேண்டுமானால் சக்கரம் சரியில்லை என்று நிறுத்துங்கள். அதையும் சரிசெய்துகொண்டு உடனே கிளம்புங்கள். பஞ்சாங்கத்துக்காக மாத்திரம் நிறுத்தாதீர்கள்.