தனியாக முடிவெடுக்க வேண்டாம், ரெண்டு பேராகச் சேர்ந்து எடுப்போம்

(செல்போன் வழியாக நடக்கும் பண மோசடி பற்றி, தென்காசியில் கூடிய கூட்டமைப்பு உறுப்பினர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

 

சேமிப்பு, கடன், தவணை என்று எப்போதும் பேசுகிறோம். இன்றைக்கு நம் கையில் இருக்கிற செல்போனைப் பற்றிப் பேசுவோம். பீடி சுற்றியும், வயலில் நாற்று நட்டும், குற்றாலம் சீசனில் சாரலில் நனைந்துகொண்டே கடை போட்டும் நாம் சேர்த்த காசு, ஒரு காலத்தில் அஞ்சறைப் பெட்டியில் இருந்தது. இப்போது வங்கிக் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கின் சாவி போனில் இருக்கிறது. பெட்டியில் உள்ளதைத் திருட, திருடன் வீட்டுக்குள் வர வேண்டும். போனில் திருடுகிறவன் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, நம்ம கையாலேயே பெட்டியைத் திறக்க வைத்துவிடுகிறான்.

இன்னொரு விஷயமும் உண்டு. நம் குழுக் கணக்குக்கு யாரோ ஒரு ஊக்குநரின் செல் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறோம். அவர் போன் அடுத்தவன் கைக்குப் போனால், பன்னிரண்டு பேர், இருபது பேர் சேமிப்புக்கும் ஆபத்து. அதனால் இது ஒருத்தி பாடு மட்டும் இல்லை, குழுவின் பாடு.

அவன் எப்படிப் பேசுகிறான்?

முன்பெல்லாம், "உங்க ஏ.டி.எம். கார்டு பிளாக் ஆயிடுச்சு, கார்டுல உள்ள பதினாறு நம்பரைச் சொல்லுங்க" என்று அரைகுறைத் தமிழில் பேசுவார்கள். ஜார்கண்ட் மாநிலத்தில் ஜாம்தாரா என்ற ஊர் இந்த வேலைக்கே பேர் வாங்கியது. அந்தப் பேச்சைக் கேட்டு நாமும் சிரித்துவிட்டு வைத்துவிடுவோம். இப்போது அப்படி இல்லை. நல்ல தமிழில், மரியாதையாக, "மேடம்" என்றும் "அம்மா" என்றும் பேசுகிறார்கள்.

அதற்கு ஒரு காரணத்தை அம்மாமார் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லி நம் பிள்ளைகளை ஏஜெண்டுகள் கூட்டிப் போனார்கள். போன இடத்தில் மியான்மர் நாட்டுக்குக் கடத்தி, அடைத்து வைத்து, ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அடித்தார்கள். 2022 அக்டோபரில் அங்கிருந்து மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னை வந்து சேர்ந்தார்கள். எனவே வெளிநாட்டு வேலை என்று யாராவது வந்தால், அந்த ஏஜெண்டு அரசிடம் பதிவு செய்தவரா என்று விசாரிக்காமல் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

போனில் பேசுகிறவன் நம்மைப் பிடிப்பது மூன்று கயிற்றால்: ஆசை, பயம், அவசரம்.

முதலில் ஆசை. 2023 செப்டம்பர் 15-ல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். பணம் வந்த கையோடு, "உரிமைத் தொகை ஆபீசிலிருந்து பேசுறோம், ஓ.டி.பி. சொல்லுங்க" என்ற அழைப்பும் வந்தது. யாருக்கும் ஓ.டி.பி. சொல்லாதீர்கள் என்று அரசே எச்சரிக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு கோயம்புத்தூர்ப் பக்கம், பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்குக் கல்வித்துறை பேரில் பேசினார்கள். "உங்க பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, இந்த கியூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்றார்கள். ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டவர்களுக்குப் பணம் வரவில்லை, கணக்கில் இருந்ததும் போய்விட்டது.

நம்ம பகுதியில் பீடி சுற்றும் பெண்கள் அதிகம். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகை உண்டு, பி.எப். பணமும் உண்டு. நாளைக்கே அதன் பேரைச் சொல்லியும் பேசலாம். எந்த உதவித்தொகையும் போனில் வராது. சந்தேகம் வந்தால் பள்ளிக்கூடத்திலோ ஆபீசிலோ நேரில் போய்க் கேளுங்கள்.

அடுத்தது பயம். "உங்க பேர்ல வந்த பார்சல்ல போதைப் பொருள் இருக்கு. உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம். வீடியோவை அணைக்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது" என்று காக்கிச் சட்டை போட்டவன் மிரட்டுவான். படித்தவர்கள், பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள்கூட இதில் லட்சக்கணக்கில் இழந்திருக்கிறார்கள். டிஜிட்டல் அரெஸ்ட் என்று நம் நாட்டுச் சட்டத்தில் ஒன்றுமே கிடையாது. 2024 அக்டோபர் 27-ல் பிரதமரே வானொலிப் பேச்சில் இதைச் சொன்னார். எந்தப் போலீசும் வீடியோவில் கைது செய்யாது, பணம் அனுப்பச் சொல்லாது.

மூன்றாவது அவசரம். "பத்து நிமிஷத்துல பண்ணலைன்னா கணக்கு முடங்கிடும்", "இன்னைக்கு ராத்திரி கரண்ட் கட்." யோசிக்க நேரம் கொடுத்தால் நாம் தப்பிவிடுவோம் என்று அவனுக்குத் தெரியும்.

மனதில் பதிய வேண்டியவை

1. ஓ.டி.பி., பின் நம்பர், கார்டின் பின்னால் உள்ள மூன்று எண்: இவற்றை வங்கி மேனேஜரே கேட்டாலும் சொல்லக் கூடாது.

2. பின் நம்பர் போட்டால் பணம் போகும். பணம் வர பின் நம்பர் தேவையே இல்லை. ஸ்கேன் செய்வதும் அப்படித்தான், கொடுக்கிறவர் செய்கிற வேலை.

3. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, பி.எம். கிசான், வங்கி என்ற பேரில் ஏ.பி.கே. என்று முடிகிற பைல் வந்தால் தொடாதீர்கள். அதைப் போனில் ஏற்றினால், நமக்கு வருகிற ஓ.டி.பி.யை அவன் படித்துவிடுவான். தெரிந்தவர் நம்பரிலிருந்து வந்தாலும் இதே கதைதான்.

4. மெயின் அருவி, ஐந்தருவிப் பக்கம் கடை போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். கூட்ட நேரத்தில் "அனுப்பிட்டேன்க்கா, பாருங்க" என்று காட்டுகிற படத்தை நம்பிச் சரக்கைக் கொடுக்காதீர்கள். சௌண்ட் பாக்ஸ் சொன்னதா, நம் கணக்கில் ஏறியதா என்று பாருங்கள். காலையில் கடை திறந்ததும் கியூ.ஆர். அட்டை நம்முடையதுதானா, மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. ஊரில் வங்கி முகவரிடம் கைரேகை வைத்துப் பணம் எடுக்கும்போது ரசீது கேளுங்கள். "விழலை, திரும்ப வைங்க" என்றால், முதல் தடவை பணம் போயிருக்கிறதா என்று பார்த்த பிறகு வையுங்கள்.

6. "பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, சிம் கொடுங்க, மாசம் ரெண்டாயிரம் தாரோம்" என்று கேட்டால் கொடுக்கவே கூடாது. திருட்டுப் பணம் போய்வர நம் கணக்கைக் கேட்கிறார்கள். நாளைக்குப் போலீஸ் தேடி வருவது கணக்குக்காரியைத்தான்.

நம்மிடமே இருக்கும் பாதுகாப்பு

இவ்வளவையும் ஞாபகம் வைக்க முடியலையே என்று கவலைப்பட வேண்டாம். நம் குழுவில் ஒரு ரூபாய் எடுக்க வேண்டும் என்றாலும் என்ன செய்கிறோம்? கூட்டம் போடுகிறோம், தீர்மானம் எழுதுகிறோம், பொறுப்பாளர்கள் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறோம். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் வங்கி முகவரிடம் குழுப் பணம் எடுக்கும் முறையிலும் இரண்டு பொறுப்பாளர்கள் கைரேகை வைக்க வேண்டும். ஒருத்தியை ஏமாற்றலாம், ரெண்டு பேரைச் சேர்த்து ஏமாற்றுவது கஷ்டம். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

அதையே வீட்டுக்கும் கொண்டு வருவோம். தெரியாத நம்பரிலிருந்து பணம், ஓ.டி.பி., லிங்க் என்று பேச்சு வந்தால், உடனே போனை வையுங்கள். பக்கத்து வீட்டு மதினியோ, குழு அக்காவோ, படிக்கிற பிள்ளையோ, யாராவது ஒருவரிடம் "இப்படிக் கேக்காங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லும்போதே பாதி விளங்கிவிடும். "யாரிடமும் சொல்லாதீங்க" என்று ஒருத்தன் சொன்னால், அந்த ஒரு வார்த்தையிலேயே அவன் திருடன் என்று கண்டுகொள்ளலாம்.

பணம் போய்விட்டால்?

உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். நாடு முழுவதற்கும் இதே எண்தான். திருடன் நம் பணத்தை ஒரு கணக்கில் வைத்திருக்க மாட்டான். சில நிமிடங்களில் இரண்டு, மூன்று கணக்குக்கு மாற்றி ரொக்கமாக எடுத்துவிடுவான். 1930-ல் புகார் பதிவானதும், பணம் போன வங்கிகளுக்குத் தகவல் போகும். கணக்கில் மிச்சம் இருப்பதை அந்த வங்கி நிறுத்தி வைக்கும். அதனால் முதல் ஒரு மணி நேரம் பொன்னான நேரம்.

போன் செய்யும்போது நம் வங்கியின் பேர், கணக்கு எண், எவ்வளவு, எத்தனை மணிக்குப் போனது, எஸ்.எம்.எஸ்.சில் உள்ள பரிவர்த்தனை எண், பேசியவனின் நம்பர் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எதையும் அழிக்காதீர்கள். பிறகு வங்கியில் சொல்லி கார்டையும் கணக்கையும் நிறுத்துங்கள், எழுத்திலும் புகார் கொடுங்கள். நம் தென்காசி மாவட்டத்துக்குத் தனி சைபர் கிரைம் காவல் நிலையமும் உண்டு.

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவும் வேகத்தைத்தான் சொன்னது. நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியாள் பணத்தை எடுத்து, மூன்று வேலை நாளுக்குள் நாம் தெரிவித்துவிட்டால் நமக்கு நஷ்டம் இல்லை என்றது. நாமே ஓ.டி.பி. சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் நம் பொறுப்பு, தெரிவித்த பிறகு போனால் வங்கியின் பொறுப்பு என்றும் பிரித்துச் சொன்னது. வங்கி சரியாகப் பதில் சொல்லவில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணில் வழி கேட்கலாம்.

ஆனால் நம் பெண்கள் 1930-க்குப் போன் செய்யத் தாமதிக்கிறார்கள். எண் தெரியாதது மட்டும் காரணம் இல்லை. "வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும், மாமியார் என்ன சொல்லுவாங்க, குழுவுல எப்படி முகத்தைக் காட்ட" என்று மூன்று நாள், நான்கு நாள் அழுதுகொண்டே மறைக்கிறார்கள். அந்த நாலு நாளும் திருடனுக்கு நாம் கொடுக்கிற அவகாசம். பிறகு தவணை கட்ட முடியாமல், அதை மறைக்க வட்டிக்கு வாங்கி, ஒரு நஷ்டம் மூன்று நஷ்டமாகிறது.

ஆகவே குழுவுக்கு ஒரு வேண்டுகோள். ஏமாந்தேன் என்று ஒருத்தி வந்து சொன்னால், "உனக்கு எதுக்குளா இந்தப் போனு" என்று கேட்காதீர்கள். முதலில் 1930-க்குப் போன் போட்டுக் கொடுங்கள். ஒருத்தி அவள்கூட வங்கிக்குப் போங்கள். அந்த மாதத் தவணைக்கு என்ன செய்யலாம் என்று, வீட்டில் ஒரு சாவு, ஒரு ஆஸ்பத்திரிச் செலவு என்றால் எப்படி உட்கார்ந்து பேசுவோமோ, அப்படியே பேசுங்கள். சொன்னால் திட்டு விழாது என்று தெரிந்தால்தான் அடுத்தவள் உடனே சொல்லுவாள்.

அடுத்த கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் இதை எழுதுங்கள்: "ஓ.டி.பி. யாருக்கும் சொல்ல மாட்டோம். ரெண்டு பேரிடம் கேட்காமல் தெரியாதவருக்குப் பணம் அனுப்ப மாட்டோம். ஏமாந்த உறுப்பினரைக் குறை சொல்ல மாட்டோம்." எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். 1930 என்ற எண்ணைச் சேமிப்புப் பாஸ்புக்கின் அட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினருக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக் கொடுக்க வேண்டும்.