தகரப் பெட்டியின் குரல்



இசைக்கருவி என்றதும் நம் நினைவிற்கு வருவன வீணையும் நாகசுரமும் மிருதங்கமும்தாம். ஆனால், நம் இசை மரபு அடுக்களையையும் ஒதுக்கி வைக்கவில்லை. பானையின் உறவினமாகிய கடம் கச்சேரி மேடையில் வீற்றிருக்கிறது. நீர் நிறைந்த பீங்கான் கிண்ணங்கள் ஜலதரங்கம் ஆயின. வில்லுப்பாட்டில் குடத்தின் வாயைத் தட்டியே தாளம் எழுப்புகிறார்கள். திருவிழாக் கடைகளில் கொட்டாங்கச்சிப் பிடிலை வாங்கி மகிழாத குழந்தை உண்டோ? ஆகவே, பிஸ்கட் டப்பாவிலும் எண்ணெய்த் தகரத்திலும் கிட்டார் செய்யலாம் என்று நான் கூறினால், அது நமக்குப் புதுமையும் அன்று, புறம்பும் அன்று.

நான் வாழும் ஊர் அம்பத்தூர். 1964-ஆம் ஆண்டில் இங்கே தொழிற்பேட்டை உருவாயிற்று. அடுத்துள்ள ஆவடியின் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. தகடு வெட்டும் ஓசையும் துளையிடும் ஓசையும் இப்பகுதியின் அன்றாட ஒலிகள். அவற்றைக் கேட்டு வளர்ந்த மாணவர் சிலர் ஞாயிறுதோறும் என் வீட்டுத் திண்ணையில் கூடிக் கிட்டார் செய்கிறார்கள். டப்பாவின் ஊடே மரச்சட்டம் செருகுவதும், எஃகுத் தந்தி முறுக்குவதும் அவர்களுக்கு எளிதாகவே கைவந்துவிட்டன. ஆனால், அக்கருவியின் ஒலியைப் பெருக்க முற்படும்போது ஒரு வினா எழுகிறது. ‘பிக்கப்’ என்னும் அதிர்வுவாங்கியை எந்த இடத்தில் பொருத்துவது? இவ்வினாவே இன்றைய என் பேச்சுக்குப் பொருள்.

முதலில் சிறிது வரலாறு. மரக் கிட்டாரின் ஓசை பெரிய வாத்தியக் குழுக்களின் நடுவே அமுங்கிப் போயிற்று. அதற்குப் பரிகாரமாக, அமெரிக்காவில் குடியேறிய ஸ்லோவாக்கியரான ஜான் டோப்யேரா என்பவர், கிட்டாரின் வயிற்றுக்குள் மெல்லிய அலுமினியக் கூம்புகளை அமைத்தார். தந்தியின் அதிர்வு குதிரையின் வழியே கூம்பை அடைகிறது. கூம்பு காற்றை அசைக்கிறது. 1927-இல் இக்கருவி விற்பனைக்கு வந்தது. ஆனால், ஐந்தாறு ஆண்டுகளுக்குள்ளேயே காந்த அதிர்வுவாங்கி பொருந்திய மின்கிட்டார் தோன்றிவிட்டது. ‘வாணலி’ என்று வேடிக்கையாகப் பெயர் பெற்ற ரிக்கன்பேக்கர் கிட்டார் 1932-இல் சந்தைக்கு வந்தது. ஓசையைப் பெருக்கும் வேலையை மின்சாரம் ஏற்றுக்கொண்ட பின் உலோகக் கூம்புக்கு என்ன வேலை? அது மறைந்திருக்க வேண்டும் அன்றோ? மறையவில்லை. ஏனெனில், அதன் கணீரென்ற குரலை மக்கள் விரும்பினார்கள். உரத்த ஒலிக்காகப் பிறந்த கருவி, தன் குரலின் தனித்தன்மையால் உயிர்வாழ்கிறது. இதை மனத்தில் கொண்டால் நம் வினாவுக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

அதிர்வுவாங்கிகளில் இரண்டு வகைகளை மட்டும் பார்ப்போம். முதலாவது காந்த வகை. காந்தத்தின் மேல் மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். அதன் அருகே எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப் புலம் மாறி, சுருளில் மின்னோட்டம் பிறக்கும். ஃபாரடே 1831-இல் கண்ட மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. இது எஃகுத் தந்தியை மட்டுமே உணரும். வீணையின் பித்தளைத் தந்திக்கு நேரே இதை வைத்தால் ஏறக்குறைய ஊமையாகிவிடும். டப்பா எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும் இதற்கு அநேகமாகச் செவிடுதான்.

இரண்டாவது அழுத்தமின் வகை. சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னழுத்தம் தோன்றுவதைக் கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டறிந்தார்கள். அத்தன்மை வாய்ந்த பீங்கான் பூச்சுடன் கூடிய பித்தளை வில்லைகள் ரிச்சி தெருக் கடைகளில் ‘பீசோ’ என்ற பெயரில் மலிவாகக் கிடைக்கின்றன. இவ்வில்லை எதன்மேல் ஒட்டியிருக்கிறதோ அதன் அதிர்வையே எடுத்துரைக்கும்.

எங்கள் மாணவர் ஒருவர் பெரிய பிஸ்கட் டப்பாவில் கிட்டார் செய்து, காந்த வாங்கியைப் பொருத்தினார். ஓசை தெளிவாகவும் உரக்கவும் வந்தது. ஆனால், கடையில் வாங்கிய மின்கிட்டாருக்கும் அதற்கும் வேறுபாடு தெரியவில்லை. டப்பா இருந்தும் இல்லாததாயிற்று! பெட்டியின் குரல் வேண்டுமாயின், பெட்டியையே கேட்க வேண்டும்.

காந்த வாங்கியே வேண்டும் என்போரும் இடத்தை ஆராய்ந்தே வைக்க வேண்டும். தந்தியின் நீளம் 60 சென்டிமீட்டர் என்று கொள்வோம். அது முழுமையாகவும், இரண்டாகவும், மூன்றாகவும், நான்காகவும் பகுந்து ஒரே வேளையில் அதிர்கிறது என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறீர்கள். குதிரையிலிருந்து 15 சென்டிமீட்டர் தொலைவில் நான்காவது சீரிசையின் கணு விழுகிறது. அங்கே தந்தி அச்சீரிசைக்கு அசைவதில்லை. ஆகவே அங்கு வைத்த வாங்கிக்கு அது கேட்பதில்லை. 12 சென்டிமீட்டரில் வைத்தால் ஐந்தாவது சீரிசை மறையும். குதிரையை நெருங்க நெருங்க மேற்சுரங்கள் மிகுந்து ஒலி கூர்மையாகும். விலக விலக அடிப்படைச் சுரம் ஓங்கி ஒலி கனியும். மெட்டில் விரல் வைத்துத் தந்தியின் நீளத்தைக் குறைக்கும்போது கணுக்களும் இடம் மாறும். கோட்டுவாத்தியம்போல் கட்டையை நகர்த்தி வாசித்தால் அவை ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். ஆகையால் எல்லாச் சுரத்துக்கும் பொருந்தும் ஓர் இடம் இல்லை. நம் செவிக்கு உகந்த இடமே உண்டு. இன்னொன்று: டப்பாவின் தகரம் எஃகால் ஆனது, காந்தத்தை ஈர்க்கும். எனவே காந்த வாங்கியை மூடியில் ஒட்டாமல், ஊடே செல்லும் மரச்சட்டத்தில் திருகிப் பொருத்துவதே நலம்.

இனி, பெட்டியைக் கேட்கும் வழி. வில்லையை மூடியின் விளிம்பருகே ஒட்டினால் பயன் குறைவு. விளிம்பு இறுகியிருப்பதால் அதிகம் அசையாது. அப்படியானால் நட்ட நடு மையம் சிறந்ததா? அதுவும் முழு உண்மை அன்று. மூடி பல கோலங்களில் அதிர்கிறது; அவற்றுள் பலவற்றின் கணுக்கோடுகள் மையத்தின் ஊடே செல்கின்றன. அக்கோலங்களுக்கு மையம் அசையாத இடம்.

இதை நீங்களே கண்ணால் காணலாம். டப்பாவினுள் சிறிய ஒலிபெருக்கியை வைத்து மூடி, மேலே சிறிது தூளுப்பைத் தூவுங்கள். ஒலிபெருக்கியில் ஒரே சுருதியை ஒலிக்கச் செய்து, மெல்ல மெல்ல உயர்த்துங்கள். சில சுருதிகளில் உப்பு துள்ளி ஓடிக் கோடுகளாகச் சேரும். உப்பு தங்கும் இடம் கணு; உப்பு விலகும் இடம் அதிரும் இடம். கிளாட்னி என்னும் ஜெர்மானியர் 1787-இல் உலகுக்கு அறிவித்த சோதனை இது. வாசல் கோலத்தை நாள்தோறும் காணும் நமக்கு, ஒலி இடும் கோலம் வியப்பை அளிக்கும்.

பெரும்பாலும், மையத்துக்கும் விளிம்புக்கும் இடையே, குதிரையின் காலிலிருந்து சற்றே விலகிய இடம் நல்ல பயன் தருகிறது. குதிரைக்கு நேர் கீழே ஒட்டினால் தந்தியின் குரல் ஓங்கும். விலக்கி ஒட்டினால் தகரத்தின் குரல் ஓங்கும். முதலில் இருபுறமும் பசையுள்ள நாடாவால் ஐந்தாறு இடங்களில் ஒட்டி வாசித்து, கேட்டதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். இடம் உறுதியான பின் கெட்டிப் பசையால் ஒட்டுங்கள். மென்மையான நாடா, கூரிய ஒலிகளை ஓரளவு விழுங்கிவிடும். ஒலிபெருக்கியின் எதிரில் அமர்ந்து வாசிக்காதீர்கள். அதன் ஓசையை மூடி மீண்டும் வாங்கி ஊளையிடத் தொடங்கும். பெருக்கியின் உள்ளீட்டு மின்தடை 10 லட்சம் ஓம் அளவில் இருத்தல் வேண்டும். குறைந்தால் மந்தர ஒலிகள் மெலிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். கருவி உலோகம், தந்தியும் உலோகம், அதைப் பற்றியிருப்பது உங்கள் கை. ஆகவே 9 வோல்ட் மின்கலத்தில் இயங்கும் சிறு பெருக்கியையே பயன்படுத்துங்கள். வீட்டு மின்சாரத்தில் இயங்கும் பெருக்கியைத் தாமாகவே செய்ய முனைவது உயிருக்கு ஆபத்து.

“இவ்வளவு தொல்லை ஏன்? கடையில் நல்ல கிட்டார் வாங்கலாமே” என்று சிலர் கேட்பதுண்டு. வாங்கலாம், தவறில்லை. ஆனால் வாங்கிய கருவியில் வாங்கியின் இடத்தை வேறொருவர் முன்பே முடிவு செய்துவிட்டார். நீங்கள் செய்த கருவியில் அம்முடிவு உங்களுடையது. ஒரு விரற்கடை நகர்த்தினால் ஒரு குரல் மறைவதையும் மற்றொரு குரல் பிறப்பதையும் உங்கள் காதே உங்களுக்குக் கற்பிக்கிறது. கணுவும் எதிர்க்கணுவும் தேர்வுத்தாளில் எழுதி மறக்கும் சொற்களாக இராமல், விரலால் தொட்டு அறியும் இடங்களாகிவிடுகின்றன.

அதிர்வுவாங்கி குரலைப் படைப்பதில்லை. இருக்கும் குரலைக் கேட்கிறது. எங்கிருந்து கேட்பது என்பதே நாம் செய்யும் தெரிவு. எனவே வெறும் டப்பா என்று எதையும் எறியுமுன், ஒருமுறை விரலால் தட்டி, காதை அருகில் வைத்துக் கேளுங்கள். அதன் பின் இடத்தைத் தேடுங்கள்.