ரிட்டிகலைக்கு நடந்தோம்

(பழைய மாணவிகள் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாங்கள் பதினான்கு பேர் ரிட்டிகலை மலைக்குப் போய் வந்ததைப் பற்றிப் பேசும்படி சங்கம் கேட்டது. எங்களில் மூத்தவருக்கு எழுபத்தொரு வயது, இளையவருக்கு நாற்பத்தாறு. முழங்கால் நோவு இல்லாதவர்கள் என்று எண்ணினால் ஐந்து பேர் தேறுவார்கள்.

இந்தப் பயணத்துக்கு வித்திட்டது பேரு நாடு. கனடாவில் இருக்கும் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி இன்காப் பாதையில் நான்கு நாள் நடந்து மச்சு பிச்சுவுக்குப் போனாள். ஏறத்தாழ 43 கிலோமீற்றர். வழியில் ஒரு கணவாய் 4,200 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. எங்கள் பீதுருதாலகாலை 2,524 மீற்றர்தான். இரும்புக் கருவியும் சில்லு வண்டியும் இல்லாத மக்கள் 15ஆம் நூற்றாண்டில் சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் கல்லோடு கல் பொருத்திக் கட்டிய நகரம் அது. அவள் வட்ஸ்அப்பில் படங்களை அனுப்ப அனுப்ப நாங்கள் வாயைப் பிளந்து பார்த்தோம். கடைசியில் ஒருத்தி எழுதினாள்: “எங்களுக்கு பேரு எட்டாது. ஏ9 எட்டும்தானே?”

எட்டும். மதவாச்சி, மிகிந்தலை கடந்து மரதன்கடவலையில் ஹபரணைப் பக்கம் திரும்பினால் ரிட்டிகலை வரும். 766 மீற்றர். வரண்ட வலயத்தின் சமதரையில் தனியாக எழுந்து நிற்கிற மலை. இராமாயணத்தில் அனுமன் தூக்கி வந்த மலையின் ஒரு துண்டு இங்கே விழுந்தது என்று ஊர்க்கதை சொல்கிறது. 1941இல் இதைக் கடும் காப்பு ஒதுக்கமாக அறிவித்தார்கள். ஆகவே உச்சிக்குப் போக முடியாது, இடிபாடுகள் இருக்கும் கீழ்ச்சரிவு வரைதான் அனுமதி. எங்கள் முழங்கால்களுக்கு அதுவும் நல்லதாய்ப் போயிற்று.

முதலில் வருவது பண்டா பொக்குண. குளமென்றே சொல்லலாம், சுற்றளவு 366 மீற்றர், நாலு பக்கமும் கற்படி. அதைக் கடந்தால் கற்பாதை. ஒன்றரை மீற்றர் அகலத்தில், செதுக்கிய பலகைக் கற்களை ஒன்றோடொன்று கவ்வ வைத்து, காட்டுக்குள் வளைந்து வளைந்து மேலே போகிறது. நடுவில் ஒரு வட்டச் சந்தி. ஓடைக்கு மேல் ஒரு கற்பாலம். 9ஆம் நூற்றாண்டில் முதலாம் சேன மன்னன் பாம்சுகூலிகத் துறவிகளுக்கு இங்கே மடம் அமைத்தான். சுடலையில் கிடக்கும் துணியைத் தைத்து உடுத்தவர்கள் அவர்கள். அதனால்தான் இங்கே புத்தர் சிலையைக் காணமுடியாது. இரண்டு இரண்டாக மேடைகளும் அவற்றை இணைக்கும் கற்பாலமும்தான். ஆனால் சிறுநீர் கழிக்கும் கல்லில் மட்டும் அழகான சித்திர வேலை! பெரிய விகாரைகளின் ஆடம்பரத்தைக் கேலி செய்யத்தான் அப்படிச் செதுக்கினார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. எங்களுக்கு அந்த விளக்கம் மிகவும் பிடித்தது.

1893இல் எச். சி. பி. பெல் இந்த இடத்தை ஆய்வு செய்தார். அவரைப் புத்தகங்கள் “கண்டுபிடித்தவர்” வரிசையில் வைக்கின்றன. 1911இல் ஹைரம் பிங்ஹம் மச்சு பிச்சுவுக்கு ஏறியபோது அங்கே கமக்காரக் குடும்பங்கள் குடியிருந்தன, பயிர் செய்துகொண்டிருந்தன. வழிகாட்டியது ஒரு சிறுவன். தேன் எடுக்கப் போகிறவனும் வேட்டைக்காரனும் அறிந்த இடத்தைத் துரை வந்து பார்த்த பிறகுதான் உலகம் அறிகிறது. வன்னியிலும் இதே கதைதான்.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் வேறு. கற்பாதையை விட்டு, நிழலுக்காக ஒரு ஒற்றையடிப் பாதையில் இறங்கினோம். சில நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், பதினான்கு பேரும் ஒரே வரிசையில், முன்னால் போனவரின் காலடியிலேயே கால் வைத்து நடந்துகொண்டிருந்தோம். யாரும் அப்படி நடக்கச் சொல்லவில்லை. மூத்த அக்கா நின்று கேட்டா: “பிள்ளையள், இஞ்சை வெடி எடுத்தாச்சோ?”

“அக்கா, இது ரிட்டிகலை. இஞ்சை ஒண்டும் புதைக்கேல்லை.”

சிரித்தோம். பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. எங்கள் தலைமுறைக்குக் காடு என்றால் சிவப்புப் பலகையும் மண்டையோடும் “மிதிவெடி கவனம்” என்ற எழுத்தும்தான். 2008இலும் 2009இலும் நடந்த நடையை இந்த மண்டபத்தில் விவரிக்கத் தேவையில்லை. கால்கள் சுமந்தவரை நடந்தோம், பிள்ளையையும் பானையையும் சுமந்து. விரும்பிய இடத்துக்கு, விரும்பிய நேரத்தில், பார்ப்பதற்காக மட்டும் நடந்தது எங்களில் ஒன்பது பேருக்கு அதுதான் முதல் தடவை. ஓமந்தைச் சோதனைச் சாவடிக்குத் தெற்கே இப்படி ஒரு மலை இருப்பதே பலருக்குத் தெரியாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சோழர் படையெடுப்புக்களின் பின் இந்த மடம் கைவிடப்பட்டது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. அந்தக் கற்களில் இருந்து இடியப்பப் பொதியை அவிழ்த்த எங்களுக்கு அது ஒரு மாதிரித்தான் இருந்தது. ஆனால் ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஒரு படைக்கு நாங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து மேடையில் இருந்த சிங்கள ஆச்சி ஒருவர் எங்களுக்கு வாழைப்பழம் தந்தா. நாங்கள் கச்சான் கொடுத்தோம். எங்கே இருந்து என்று கேட்டா, “வன்னி” என்றோம். “தூரம்” என்றா. அவ்வளவுதான் பேச்சு.

அங்கே ஒரு கல்லைப் பார்த்தால் யார் செதுக்கினார்கள், எப்படித் தூக்கினார்கள் என்று கேட்க முடிந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் அப்படிக் கேட்க முடியவில்லையே என்பதுதான் எங்களுக்கு உறுத்தியது. குருந்தூர் மலை என்றால் 2021இல் தொடங்கிய அகழ்வும் வழக்கும். வெடுக்குநாறி மலை என்றால் 2024 சிவராத்திரியில் கைதான 8 பேர். எங்கள் பிள்ளைகள் இந்த இரண்டு பெயரையும் செய்தியாகத்தான் அறிந்திருக்கிறார்கள். மச்சு பிச்சுவின் படத்தைக் காட்டினால் பெயரைச் சொல்லும் பிள்ளைக்கு, தன் மாவட்டத்துக் கல்வெட்டு எந்த எழுத்தில் இருக்கிறது என்று தெரியாது. வழக்குப் பேச வழக்கறிஞர் இருக்கிறார்கள். பார்த்து, அளந்து, படம் எடுத்து, எழுதி வைக்கப் படித்த பெண்கள் வேண்டும். தொல்லியல் படிக்க எங்கள் பாடசாலையிலிருந்து நாலு பிள்ளைகள் பல்கலைக்கழகம் போனால், அடுத்த முறை ஆய்வுக்கு வருகிறவர்களில் ஒருத்தி எங்கள் ஊர்ப் பிள்ளையாக இருப்பாள்.

ஆகவே சங்கத்திடம் இரண்டு கோரிக்கை. ஜே. பி. லூயிஸ் 1895இல் எழுதிய வன்னி மாவட்டங்களின் கையேட்டின் ஒரு படியை நூலகத்துக்கு வாங்கித் தாருங்கள். வரலாறு படிக்கும் உயர்தர மாணவிகளை ஆண்டுக்கு ஒருமுறை நடத்தியே கூட்டிப் போக ஒரு நிதி ஒதுக்குங்கள். முதலில் ரிட்டிகலை, பிறகு அனுமதி பெற்று எங்கள் பக்கத்து இடங்கள். பெற்றோரின் சம்மதக் கடிதமும், ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீரும் கட்டாயம். செருப்போடு யாரும் வரக்கூடாது, சப்பாத்து இல்லாத பிள்ளைகளுக்கு நாங்கள் பதினான்கு பேரும் சேர்ந்து வாங்கித் தருகிறோம். அளவு எழுதும் கொப்பி வாசலில், வரவுப் பதிவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.